ஒண்ணும் விசேஷமில்லை என்று வைத்துவிடாதே, அம்மிணி

ஈரோடு,
12.12.2025

அன்புள்ள சாமிக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் நல்லா இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நல்லா இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ஒன்று கேட்டாயாமே, "அப்பா தினமும் அந்த பேக்கரியில் உட்கார்ந்து அப்படி என்னதான் பேசுவாங்க?" என்று. அவள் சிரித்துவிட்டு உன்னை என்ன விசேஷம் என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள், நீ "ஒண்ணும் விசேஷமில்லம்மா, எல்லாம் அப்படியேதான்" என்று சொல்லி வைத்துவிட்டாய். இந்த ரெண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ ட்யூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் பாதியைத்தான் கேட்பாய். இதை வேலை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து படி, ஒன்றும் அவசரமில்லை.

டிசம்பர் பிறந்தால் நம்ம பேக்கரி எப்படி மாறும் என்று உனக்குத் தெரியும். வாசலில் ஸ்டார் தொங்குகிறது, கண்ணாடிப் பெட்டியில் தேங்காய் பன்னையும் பப்ஸையும் கீழ்த்தட்டுக்குத் தள்ளிவிட்டு மேல்தட்டு முழுக்க பிளம் கேக் அடுக்கிவிட்டார்கள், வெடியால அஞ்சரைக்கே ஏலக்காயும் பட்டையும் வெந்த வாசம் தெருமுனை வரை வருகிறது. மாஸ்டர் இந்த வருஷம் ஒரு கணக்குச் சொல்கிறார். செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட்டுக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, அதைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லாம் விலை குறையவில்லையா என்று கேட்கிறார்கள், ஆனால் முட்டை ஏறிக்கொண்டே போகிறது, நாமக்கல்லில் பண்ணை விலையே 6 ரூபாயைத் தாண்டிவிட்டது, "கவர்மெண்ட்டு குறைச்சதைக் கோழி வாங்கிக்கிச்சுங்க" என்கிறார். இதை அவர் தினமும் சொல்கிறார், நாங்களும் தினமும் கேட்கிறோம்.

அப்புறம் ஒவ்வொருவராக வருவார்கள். மஞ்சமண்டி மாமா சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார், குளித்துவிட்டு ஈரத்தலையோடு கறுப்பு வேட்டியில் வந்து நிற்பார். முட்டை கலந்தது எதையும் தொடமாட்டார் என்பதால் மாஸ்டர் அவருக்குத் தனியாக பொரிகடலை மிக்சர் எடுத்து வைக்கிறார். அவர் கொண்டுவருவது மஞ்சள் சமாச்சாரம். காட்டில் இலை பழுக்கத் தொடங்கிவிட்டது, வெட்டு தைக்கு மேல்தான், இப்போது ஏலத்துக்கு வருவதெல்லாம் போன வருஷத்து இருப்பு, விரலி இன்ன விலை, கிழங்கு இன்ன விலை, பெருந்துறை விற்பனைக் கூடத்தில் எத்தனை மூட்டை, கோபி சொசைட்டியில் எத்தனை மூட்டை, ஒன்று விடாமல் ஒப்பிப்பார். எங்கள் யாரிடமும் ஒரு குழி மஞ்சள் காடு கிடையாது. ஆனாலும் கேட்போம். அவர் விலையைச் சொல்லும் குரலிலிருந்தே வீட்டில் நேற்று சண்டையா, சமாதானமா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

கனி மார்க்கெட் பாய் மாமா திங்கட்கிழமை ராத்திரி ஜவுளிச் சந்தையைப் பற்றிச் சொன்னார். கேரளாக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் சரக்கு எடுக்க வந்துவிட்டார்களாம், நைட்டியும் குழந்தைத் துணியும் நன்றாகப் போகிறதாம். ஆனால் அவர் மருமகன் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருப்பது உனக்குத் தெரியுமே, அங்கே நிலைமை வேறு. ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டுவிட்டான். கிறிஸ்துமஸ் சரக்கு எப்போதும் செப்டம்பர் வாக்கிலேயே கப்பல் ஏறிவிடும், இப்போது மெஷினில் ஓட வேண்டியது அடுத்த கோடைக்கான ஆர்டர், அதுதான் பாதியாகக் குறைந்து கிடக்கிறது. ஓவர்டைம் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு பாய் மாமா டீயைக் கையில் வைத்தபடியே கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் ஆறுதல் என்று எதுவும் சொல்லவில்லை. மஞ்சமண்டி மாமா மட்டும் "மகள் எப்படி இருக்குது பாய், மாசம் எத்தனை?" என்று கேட்டார். ஏழு மாசமாம். வளைகாப்பு மாதிரி அவர்கள் வீட்டிலும் ஒன்று செய்வார்களாம். அந்தப் பேச்சு வந்ததும் மனுஷன் முகம் தெளிந்தது.

டெய்லர் மாமாவுக்கு இந்த மாதம் முழுக்க வாக்காளர் பட்டியல் கவலை. பட்டியலைத் திருத்துவதற்கு எஸ்ஐஆர் என்று ஒரு படிவம் வீட்டுக்கு வீடு கொடுத்தார்களே, அதில் 2002 பட்டியலில் பேர் எங்கே இருக்கிறது என்று எழுத வேண்டும், அவருக்குப் பேர் கிடைக்கவே இல்லை. மூன்று நாள் போனை வைத்துக்கொண்டு தேடினோம். கடைசியில் அவர் அப்பா பேரைத் தப்பாக அடித்திருந்த இடத்தில் கண்டுபிடித்தார் பாய் மாமா. தேதியை 14 வரை தள்ளிவிட்டார்கள் என்று நேற்றுத்தான் செய்தி வந்தது, ஆனால் அவர் போன வாரமே கொடுத்து முடித்துவிட்டார். பவுன் ஒரு லட்சத்தைத் தொடப் போகிறது என்பதும் தினமும் வருகிற பேச்சுதான், அதை விடு.

சரி, நான் சொல்ல வந்தது சர்ச் கொயரில் பாடுகிற நம்ம பாட்டு மாமாவைப் பற்றி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நீ நர்ஸ், உனக்கு முழுசும் தெரிய வேண்டும்.

அத்தை போனதிலிருந்து அவர் தனியாகத்தான் இருக்கிறார், பையன் பெங்களூரில். தினமும் பேக்கரிக்கு வந்து முதல் நாள் என்ன சமைத்தார் என்று சொல்வது அவர் வழக்கம். ரசத்துக்குப் புளி கூடிப்போச்சு, அரிசிம்பருப்பு குழைந்துபோச்சு, இப்படி. நவம்பர் கடைசியில் ஒரு நாலைந்து நாள் அந்தப் பேச்சு நின்றுபோனது. கேட்டால் "ஓட்டல்ல வாங்கிக்கிட்டேன்" என்பார். குளிர், சோம்பல் என்று நினைத்துக்கொள்ளலாம், அப்படி ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நவம்பர் 30, முதல் அட்வெந்து ஞாயிறு, சர்ச்சில் கொயர் நிற்கிற நாள். மறுநாள் காலையில் டெய்லர் மாமா பேச்சுவாக்கில், "ஏனுங்க, நேத்து சர்ச் வாசல்ல பாட்டுக்காரரைப் பார்த்தீங்களா, செருப்புப் போட்டுட்டு வந்திருந்தாருங்க" என்றார். அவ்வளவுதான், அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய முள் மாதிரி நின்றது. உனக்குத் தெரியும், அந்த மனுஷன் சனிக்கிழமை பொழுதோட திண்ணையில் உட்கார்ந்து, பழைய பனியன் துணியால் அந்தக் கறுப்பு ஷூவைத் தேய்தேய் என்று தேய்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை அது இல்லாமல் வாசப்படி இறங்கமாட்டார். அத்தையை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட ஷூ பாலிஷாகத்தான் இருந்தது.

அன்றைக்கு டிசம்பர் 1. எப்போதும் அவர் வீட்டில்தான் தெருவிலேயே முதல் ஸ்டார் ஏறும். பொழுதோட ஆறு மணிக்கு நானும் டெய்லர் மாமாவும் அந்தப் பக்கம் போனோம், வீட்டில் வெளிச்சம்கூட இல்லை. ஸ்டார் பிரிக்காமல் திண்ணையில் கிடந்தது. ஏணி ஏற முடியலையா என்று கேட்டதற்கு, நாளைக்குப் போட்டுக்கலாம் என்று காலைப் பாய்க்கு அடியில் இழுத்துக்கொண்டார். நான் எட்டிப் பாயைத் தூக்கிவிட்டேன். இடது சுண்டுவிரலில் துணி சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தால் புண், ஓரம் கறுத்து, லேசாக வாடை. வலிக்கலையா என்றால், "வலியே இல்லைங்க, அதனாலதான் சும்மா விட்டேன்" என்கிறார். ஷூ கடித்திருக்கிறது, சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருக்கிறது, கடித்ததே தெரியவில்லை. பையனுக்குச் சொன்னால் லீவு போட்டுவிட்டு ஓடிவருவான், கிறிஸ்துமஸுக்கு எப்படியும் வரப்போகிறான், அதுவரை தள்ளிவிடலாம் என்று இருந்திருக்கிறார்.

அப்போதே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை முந்நூறைத் தாண்டி இருந்தது. சுத்தம் செய்து கட்டுப் போட்டு மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். விரல் தப்பிவிடும், இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் எடுத்திருக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும், தண்ணீர் படக்கூடாது, நடக்கக்கூடாது. ஆட்டோவில் கூட்டிப்போவது பாய் மாமாவின் மகன், சாப்பாடு ஒரு நாள் நம்ம வீட்டிலிருந்து, ஒரு நாள் மஞ்சமண்டி வீட்டிலிருந்து. அவர்கள் மாலை போட்ட வீடு, கறி மீன் கிடையாது. புண்ணின் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், நேற்று எடுத்தது. கொஞ்சம் பார்த்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறது என்று சொல். நல்ல சிவப்பாகத் தசை வருகிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது, ஆனால் நாங்கள் சொல்வதைவிட நீ சொன்னால் அவருக்குத் தெம்பு வரும். பையனும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

ஸ்டாரை மறுநாள் நானே ஏறிக் கட்டினேன். கேரல் ரவுண்ட்ஸ் நாளைக்குத் தொடங்குகிறது. இருபத்தைந்து வருஷமாக பாஸ் குரலில் பாடுகிற மனுஷன் இந்தத் தடவை வண்டியில் ஏற முடியாது என்று ரொம்பவும் சங்கடப்பட்டார். கொயர் பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள், முதல் வீடு அவர் வீடு, அங்கே நாற்காலியைப் போட்டு அவரை நடுவில் உட்காரவைத்துப் பாடிவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குக் கிளம்புவது என்று. அதைச் சொன்னதிலிருந்து காலை தலையணை மேல் வைத்துக்கொண்டு முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நீயே யோசித்துப் பார், சாமி. செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார் என்பது ஒரு செய்தியா? எந்தப் பேப்பரில் போடுவார்கள்? டெய்லர் மாமா அதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. நாங்கள் தினமும் சந்தித்து உப்புக்கும் புளிக்கும் பெறாத விஷயங்களை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருப்பதால்தான், ஒன்று குறைந்தால் குறைந்தது என்று தெரிகிறது. அதனால்தான் நீ ஒண்ணும் விசேஷமில்லை என்று சொல்லும்போது எனக்கு நிம்மதி வருவதில்லை. விசேஷம் வந்தால் நீ சொல்லாமல் இருக்கமாட்டாய், அது எனக்குத் தெரியும். பேரன் நேற்று சாப்பாட்டில் எதை ஒதுக்கி வைத்தான், மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வந்தார், உன் வார்டில் உனக்கு அடுத்த சீட்டில் யார், அவள் என்ன கொண்டுவந்து சாப்பிடுகிறாள், நீ ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய், இதெல்லாம் எனக்கு வேண்டும். கோபமில்லை, கேட்கிறேன், அவ்வளவுதான்.

இதோ ஒன்று. உங்கள் ஆஸ்திரேலியாவில் புதன்கிழமை முதல், 10ஆம் தேதியிலிருந்து, 16 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் இன்ஸ்டாகிராம் மாதிரி எதிலும் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதே. பேப்பரில் பார்த்துவிட்டு பேக்கரியில் ரெண்டு நாளாக அதுதான் பேச்சு. மஞ்சமண்டி மாமா இங்கேயும் வர வேண்டும் என்கிறார், அவர் பேத்தி அரையாண்டுப் பரீட்சைக்குப் படிக்காமல் ரீல்ஸ் பார்க்கிறாளாம். பாய் மாமா அதெல்லாம் பிள்ளைகளை நிறுத்த முடியாது என்கிறார். என்னிடம் "உங்க மக அங்கதான இருக்குது, என்ன சொல்லுது?" என்று கேட்டார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் என்ன என்று பேப்பர் சொல்லிவிட்டது. உன் பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பதினாலு வயசு என்று முன்னே சொன்னாயே, அவன் முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருக்கிறான், அவன் அம்மா என்ன சொல்கிறாள், அதை நீதான் சொல்ல முடியும். எழுதி அனுப்பு, நான் போய்ச் சொல்ல வேண்டும்.

அந்த கிரீஸ் நாட்டுப் பாட்டி எப்படி இருக்கிறார்கள்? வேலி மேலே எலுமிச்சம்பழம் நீட்டுவார்கள் என்றாயே. அவர்களிடம் நின்று பேசு, கண்ணு. உன் இங்கிலீஷும் அவர்கள் இங்கிலீஷும் வேறாக இருந்தால் என்ன, எலுமிச்சம்பழம் என்ன விலை என்று பேச அவ்வளவு போதும். அங்கே உனக்கு ரெண்டு பேராவது அப்படி வேண்டும், உன் செருப்பைக் கவனிக்கிற மாதிரி ஆட்கள். எனக்கு இங்கே நாலு பேர் இருக்கிறார்கள், மெல்போர்னில் உனக்கு யாரும் இல்லையே என்று நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆஸ்பத்திரியில் அந்த கேரளாப் பெண் நன்றாகப் பழகுகிறாள் என்றாயே, அவளை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடு. 25ஆம் தேதி உனக்கு ட்யூட்டி போட்டுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டாய். வருத்தப்படாதே, யாராவது பார்க்கத்தானே வேண்டும். 24 ராத்திரி பூங்காவில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடுவார்கள், அது 1938-லிருந்து நடக்கிறது என்று போன வருஷம் சொன்னாய். இந்தத் தடவையும் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வா. உங்களுக்கு வெயில் காலம், பையனுக்குத் தொப்பி மறக்காதே.

இங்கே வீட்டில் நாளைக்கழித்து கலகலா. வழக்கம்போல நாலு வீட்டுப் பொம்பளைகளும் நம்ம பொடக்காலியில்தான் கூடுகிறார்கள். அம்மா நாலு தேங்காயைத் துருவிக் கட்டிப்பால் எடுத்து வைப்பாள், சர்க்கரையை அதிலேயே கரைத்து, முட்டை உடைத்து ஊற்றி, எள்ளும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, மைதாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைந்து ஈரத்துணியால் மூடிவிடுவாள். மஞ்சமண்டி அத்தை முட்டை இல்லாமல் தனிச்சட்டியில் அவர்கள் வீட்டுக்கு. எண்ணெயும் வேறே, முதலில் அதைப் பொரித்து எடுத்துவிட்டுத்தான் மற்றது. தேய்க்கிறது ஒருத்தர், சாய்சதுரமாகக் கீறுகிறது ஒருத்தர், பொரிக்கிறது ஒருத்தர், பேசுகிறது எல்லோரும். கச்சாயத்துக்குக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை வாங்கி வைத்துவிட்டேன், இந்தத் தடவை நல்ல நிறமாகக் கிடைத்தது.

அச்சு முறுக்குக்கு மட்டும் பாட்டு மாமா வீட்டு அச்சு வேண்டும். அத்தை இருந்தவரைக்கும் அவர்கள்தான் சுடுவார்கள், வேறு யாரையும் தொடவிடமாட்டார்கள். அவர்கள் போன பிறகு ஒவ்வொரு டிசம்பரும் அவரே அதைப் பேப்பரில் சுற்றி எடுத்து வந்து அம்மா கையில் கொடுப்பார். இந்த வருஷம் நான் போய் எடுத்து வந்தேன். பரணில் ஒரு டப்பாவுக்குள், எண்ணெய் தடவி, துணி சுற்றி, அப்படியே இருந்தது. போன வருஷம் எடுத்து வைக்கும்போது அவரே தடவி வைத்திருக்கிறார். அம்மா புது அச்சு ஒன்று கடையில் வாங்கினாள், மாவு விடவே மாட்டேன் என்கிறது, முள்ளால் குத்திப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அத்தை அச்சு எண்ணெயில் நன்றாகக் காய்ந்ததும் மாவில் முக்கால்வாசி முக்கி, திரும்ப எண்ணெயில் பிடித்து ஒரு உதறு உதறினால் பூவாகக் கழன்று மிதக்கும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் போச்சு, வராது. அத்தை உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? நீ எட்டாவது படிக்கும்போது. கையில் எண்ணெய் தெறித்து அழுதுகொண்டே இன்னொன்று சுட்டாய்.

இதில் எதையும் உனக்குப் பார்சல் போட முடியாது என்பதுதான் அம்மாவுக்குக் குறை. முட்டை, பால், விதை என்றால் உங்கள் ஊர் சுங்கத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நீ போன தடவையே சொல்லிவிட்டாய், அதனால் துணி மட்டும்தான். சென்னிமலைப் பெட்சீட் ரெண்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பன்னீர்செல்வம் பார்க் பக்கம் போனபோது பிரப் சர்ச்சுக்கு சீரியல் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த பிரப் துரை நீ இருக்கிற ஆஸ்திரேலியாவிலிருந்துதான் இங்கே வந்தார் என்று சின்ன வயசில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். ரோட்டுக்கு மீனாட்சிசுந்தரனார் சாலை என்று பேர் மாற்றியும் ஆட்டோக்காரர்கள் இன்னும் பிரப் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அவருக்கு வீட்டிலிருந்து கடிதம் கப்பலில்தான் வந்திருக்கும், எத்தனை வாரம் ஆகியிருக்குமோ. அதில் அவர் அம்மா என்ன எழுதியிருப்பார்கள் என்று விளக்கைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். மாடு கன்று போட்டது, பக்கத்து வீட்டில் கல்யாணம், இப்படித்தான் இருந்திருக்கும்.

25ஆம் தேதிக்கு வருவோம். எங்களுக்கு வெடியால ஆராதனை, முடித்து வந்து எல்லோருக்கும் நம்ம வீட்டில்தான் காலை டிபன். உன் ட்யூட்டி மதியம் மூன்றரைக்கு முடிகிறது என்றாய், அப்போது இங்கே காலை பத்து. நீ வீட்டுக்குப் போய்க் குளித்து, ஒரு காப்பி குடித்துவிட்டு, எங்கள் கணக்கில் பதினொன்றுக்குக் கூப்பிடு, அதற்கு முன்னே வேண்டாம், அவசர அவசரமாகப் பேசாதே. பாட்டு மாமாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தாவது உட்காரவைத்துவிடுவோம். பாய் மாமா, மஞ்சமண்டி மாமா, டெய்லர் மாமா எல்லோரும் இருப்பார்கள். ஒவ்வொருத்தரும் உன்னிடம் ஏதாவது கேட்பார்கள், நல்லா இருக்கேன் மாமா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதே. பாய் மாமாவிடம் மகளைப் பற்றிக் கேள். பாட்டு மாமாவிடம் விரலைப் பற்றிக் கேட்காதே, என்ன சமைத்தீர்கள் மாமா என்று கேள்.

அப்புறம் பேரனுக்கு மார்பளவு, தோள், கை நீளம் மூன்றும் இன்ச் டேப் வைத்து எடுத்து அனுப்பு. பொங்கலுக்குச் சட்டை தைத்துத் தருகிறேன் என்று டெய்லர் மாமா பிடிவாதமாக இருக்கிறார், செவ்வாய்க்கிழமைக்குள் அளவு வேண்டுமாம், அப்போதுதான் பார்சல் பொங்கலுக்காவது வந்து சேரும். அரைக்கையா முழுக்கையா என்பதை அவனையே கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா